சித்தப்பாவின் காபித்தூள் ஏன் கூகுளில் வரவில்லை: சிஎம்எஸ் பற்றி ஆரம்பநிலைக்கான செய்முறை

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட மிளகும் உண்டு. வியாபாரியிடம் போடாமல் நேரடியாக விற்றுப் பார்க்கலாம் என்று ஒரு இணையதளம் கேட்டார். சேலம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து நான் செய்வதே இந்த வேலைதான் என்பதால் மறுக்க வழியில்லை. ஒரு வாரத்தில் வேர்ட்பிரஸ்ஸில் போட்டுக் கொடுத்தேன்.

நான்கு மாதம் கழித்து ஃபோன் வந்தது. "ஏன்டா, நம்ம தோட்டத்துப் பேரை அப்படியே தட்டினாலும் நம்ம கடை வரல. எவனோ ரூம் வாடகைக்கு விடறவன் வர்றான். பக்கத்துத் தோட்டத்துப் பையன் சொல்றான், வேர்ட்பிரஸ் சரியில்லையாம், வேற எதுலயாவது மாத்தச் சொல்றான்."

மாற்றவில்லை. ஏழு இடங்களைச் சரிபார்த்தேன். அதே வரிசையில் இங்கே தருகிறேன். கோடிங் எதுவும் தெரிய வேண்டாம்.

முதலில் அந்தப் பையன் சொன்னதற்குப் பதில். சிஎம்எஸ், அதாவது உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, நாம் எழுதுவதையும் போடும் படத்தையும் வாங்கிக்கொண்டு இணையப் பக்கமாக மாற்றித் தருகிற மென்பொருள். வேர்ட்பிரஸ், பிளாகர், விக்ஸ், ஷாப்பிஃபை எல்லாம் இந்தக் கூட்டம். வேர்ட்பிரஸ் 2003-இல் வந்தது. இன்று உலகத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் அதில்தான் ஓடுகின்றன. வேர்ட்பிரஸ்ஸில் செய்தது என்பதற்காகக் கூகுள் ஒரு தளத்தை மேலே தூக்காது. பிளாகர் தன் வீட்டுப் பிள்ளை என்பதற்காகவும் தூக்காது. அதன் கைக்குப் போய்ச் சேருவது முக்கியமாக ஹெச்டிஎம்எல், அதாவது பக்கம் எழுதப்படும் குறிமொழி. ஆனால் அந்த ஹெச்டிஎம்எல்லை எழுதுவது சிஎம்எஸ். நாம் கை வைக்காத இடங்களில் அது தன் இஷ்டத்துக்கு எழுதி வைக்கும். ரேங்க் கெடுவது பெரும்பாலும் அந்த இடங்களில்தான்.

படி 1: தளம் கூகுளில் இருக்கிறதா?

ரேங்க் பற்றிப் பேசும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். கூகுளில் ‘சைட்’ என்று ஆங்கிலத்தில் தட்டி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியைப் போடுங்கள். பக்கங்கள் வரிசையாக வந்தால் தளம் கூகுளின் கணக்கில் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் பிரச்சினை ரேங்க் இல்லை, நுழைவே இல்லை. சித்தப்பா தளத்துக்கு ஒன்றுமே வரவில்லை.

படி 2: அந்த ஒரு டிக்

வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ் போய், ரீடிங் பக்கத்தின் அடிப்பகுதிக்கு வாருங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தை எடுக்க வேண்டாம் என்று சொல்கிற ஒரு சின்னப் பெட்டி இருக்கும். தளத்தைக் கட்டும்போது அரைகுறைப் பக்கங்கள் வெளியே தெரியக் கூடாது என்று அதை டிக் செய்து வைப்போம். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

நான் எடுக்கவில்லை. நான்கு மாதமும் தளத்தின் ஒவ்வொரு பக்கமும் கூகுளைப் பார்த்து ‘நோஇன்டெக்ஸ்’, அதாவது என்னைச் சேர்க்காதே என்று சொல்லிக்கொண்டே இருந்தது. சித்தப்பாவிடம் இதை எப்படிச் சொன்னேன் என்பது இந்தச் செய்முறைக்குத் தேவையில்லாதது.

பிளாகரிலும் செட்டிங்ஸ் பக்கத்தில் தேடுபொறிக்குக் காட்டலாமா என்று கேட்கும் பொத்தான் உண்டு. விக்ஸிலும் பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாக உண்டு. எந்தச் சிஎம்எஸ் ஆனாலும் இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பக்க முகவரி, தமிழில் எழுதுகிறவர்களுக்கு வரும் தலைவலி

செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் என்று ஒன்று இருக்கும். அதில் ‘போஸ்ட் நேம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் முகவரி கேள்விக்குறியும் எண்ணுமாகவோ, வருடம் மாதம் தேதி எல்லாம் சுமந்துகொண்டோ நிற்கும். ஆங்கிலத் தளம் என்றால் இந்தப் படி இதோடு முடிந்தது. நமக்கு இங்கேதான் ஆரம்பம்.

தமிழில் தலைப்பு வைத்தால் வேர்ட்பிரஸ் அதையே முகவரியாகவும் ஆக்கும். முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே உட்காராது. சதவீதக் குறியும் ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாறும். ஒரு தமிழ்க் குறிக்கு ஒன்பது இடம் பிடிக்கும். ‘கா’ என்பது கணினிக்கு ‘க’ ஒன்று, துணைக்கால் ஒன்று. ஆக 18 இடம். வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கியிருப்பதோ 200 இடம். 22 குறி தாண்டினால் வெட்டு விழும்.

‘ஏற்காடு காபித்தூள் வீட்டில் வறுப்பது எப்படி’ என்று ஒரு தலைப்பு வைத்திருந்தேன். முகவரி ‘ஏற்காடு-காபித்தூள்-வீட்ட’ என்று நின்றுவிட்டது. வீட்ட! அதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நான்கு வரிக்குச் சதவீதக் குறி. வைரஸ் லிங்க் என்று நினைத்துத் திறக்காமல் விட்டவர்கள் எங்கள் குடும்பக் குழுவிலேயே இருந்தார்கள்.

பிளாகர் இதற்கு நேரெதிர். தமிழ்த் தலைப்பை அதற்கு முகவரியாக்கத் தெரியாது. ‘பிளாக்-போஸ்ட்’ என்று போட்டு, அடுத்த பதிவுக்கு அதன் பின்னால் ஒரு எண்ணை ஒட்டிவிடும். தமிழ்ப் பிளாக்ஸ்பாட் தளங்களை ஒருமுறை சுற்றி வாருங்கள், நூற்றுக்கணக்கில் இதே பெயர்தான்.

ஒரு விஷயம் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் முகவரி வைத்தால் ரேங்க் குறையும் என்று சொல்லித் திரிகிறவர்கள் உண்டு. அது சரியில்லை. கூகுள் அதை நன்றாகவே படிக்கும். முகவரியில் இருக்கும் சொற்களுக்கு அது தரும் எடையே ரொம்பக் குறைவு. நம் பிரச்சினை மனிதர்களோடு. பாதியில் வெட்டுப்பட்ட, அனுப்ப முடியாத முகவரியை யாரும் பகிர மாட்டார்கள்.

அதனால் நான் செய்வது இது: தலைப்பு தமிழில், முகவரி மட்டும் ஆங்கில எழுத்தில். ‘ஏற்காடு காபித்தூள்’ என்பதை ஆங்கில எழுத்துகளில் சின்னதாக, நடுவில் ஹைஃபன் போட்டு எழுதிவிடுவேன். வேர்ட்பிரஸ் எடிட்டரின் வலப்பக்கம் ‘ஸ்லக்’ என்று இருக்கும். பிளாகரில் ‘பெர்மாலிங்க்’ என்பதில் ‘கஸ்டம்’. பதிவை வெளியிடும் முன்பே மாற்ற வேண்டும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய தளம் என்றால் அவசரப்பட்டு எல்லா முகவரியையும் மாற்றாதீர்கள். பழையதிலிருந்து புதியதற்குத் தானாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் வைக்காமல் மாற்றினால், வருடக் கணக்கில் சேர்ந்த பெயர் போய்விடும்.

படி 4: தலைப்பு

உங்கள் முகப்புப் பக்கத்தைத் திறந்து, பிரவுசர் டேபில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘ஹோம்’ என்று மட்டும் இருந்தால் அதுதான் கூகுளுக்கும் போகிறது. எங்கே, என்ன என்று வருகிற மாதிரி எழுதுங்கள்: ‘ஏற்காடு காபித்தூள், மிளகு: தோட்டத்திலிருந்து நேரடி விற்பனை’. இதற்கு யோஸ்ட், ரேங்க் மேத் மாதிரி ஒரு பிளகின், அதாவது வேர்ட்பிரஸ்ஸோடு சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள், போதும். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று மிதித்துக்கொள்ளும். அவை காட்டுகிற பச்சை விளக்கைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், அது பிளகின் போடுகிற மதிப்பெண். பக்கத்துக்குள் தேடுசொற்களை மறைவாகப் பட்டியலிடும் ‘கீவேர்ட்ஸ்’ மெட்டா டேக் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். ரேங்குக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-இலேயே சொல்லிவிட்டது.

படி 5: எழுத்து எழுத்தாக இருக்கிறதா?

செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுக் கடைக்காரர் தன் தளத்தைக் காட்டினார். முகப்பில் அழகான தமிழில் கடைப் பெயர், விலாசம், என்னென்ன செய்வார்கள் எல்லாம் இருந்தது. விரலை வைத்து அழுத்தினேன், எழுத்து தேர்வாகவில்லை. மொத்தமும் ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செய்த டிசைன், ஒரே படம். மனிதர் படிக்கலாம். தேடுபொறி பக்கத்தின் எழுத்தை வைத்துத்தான் முதலில் முடிவு செய்யும். அங்கே எழுத்தே இல்லை.

இன்னொரு வகையும் உண்டு. நோட்டீஸ் அடித்த டிடிபி ஃபைலிலிருந்து பாமினி எழுத்துருவில் இருப்பதை அப்படியே சிஎம்எஸ்ஸில் ஒட்டுவது. அந்த எழுத்துரு ஏற்றப்பட்ட தளத்தில் ‘அம்மா’ என்று தெரியும். உள்ளே இருப்பது எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, ஹெச். கூகுளுக்குத் தெரிவதும் அதுதான். ‘அம்மா’ என்று தேடுகிறவருக்கு அது எப்படிக் கிடைக்கும்? எல்லாக் கணினியும் ஒரே மாதிரி படிக்கும் யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒட்டுங்கள். இணையத்தில் இலவச மாற்றிகள் நிறைய உண்டு. மாற்றியதும் ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்புகள் இடம் மாறியிருக்கும்.

படி 6: எடை

ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. அதில் பாதி தூரம் ஏறியபின் ஃபோனில் சித்தப்பா தளத்தைத் திறந்து பார்த்தேன். அடுத்த வளைவு வந்துவிட்டது, படம் வரவில்லை. அடிவாரத்திலிருந்து மேலே வருகிற சுற்றுலாக்காரர்தான் அவருடைய வாடிக்கையாளர். அவர் கையில் இருப்பதும் இதே சிக்னல்தான்.

கூகுள் தளங்களைப் பார்ப்பதே இப்போது மொபைல் வடிவத்தைத்தான். வேகத்துக்கு அது வைத்திருக்கும் கணக்கு: பக்கத்தில் கண்ணில் படும் பெரிய பகுதி 2.5 விநாடிக்குள் வந்துவிட வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் அசைய வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது. கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் பக்கத்தில் உங்கள் முகவரியைப் போட்டால் வேகத்தை அளந்து காட்டும்.

சிஎம்எஸ் இங்கே நிஜமாகவே வித்தியாசம் செய்கிறது. விக்ஸ், ஷாப்பிஃபை மாதிரி இடங்களில் சர்வர் அவர்களுடையது, நமக்கு அந்தக் கவலை இல்லை. வேர்ட்பிரஸ்ஸில் தீம் (தளத்தின் தோற்றம்), பிளகின், ஹோஸ்டிங் (தளம் குடியிருக்கும் சர்வர் இடம்) மூன்றும் நம் பொறுப்பு. நான் கண்டவரை எடையைக் கூட்டுவது பெரும்பாலும் பல்லாயிரம் வசதி உள்ள கடைத் தீமும், முகப்பில் ஐந்து படம் சுழலும் ஸ்லைடரும்தான். ஸ்லைடரைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு காபிப் பழப் படம் வைத்தேன். கேமராப் படத்தை அப்படியே ஏற்றினால் 2560 பிக்சலுக்கு மேல் உள்ளதை வேர்ட்பிரஸ் தானே சுருக்கும். அந்த 2560-ம் ஃபோன் திரைக்கு அதிகம். 1200 அகலத்துக்குக் குறைத்து, வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவில் ஏற்றுங்கள். தயாரான பக்கத்தைச் சேமித்து வைத்து உடனே கொடுக்கும் ஒரு கேஷ் பிளகின் போடுங்கள். பயன்படுத்தாத பிளகின்களை நீக்குங்கள், டிஆக்டிவேட் செய்து அப்படியே விட்டுவைக்காதீர்கள்.

இடையில் ஒரு சின்ன வேலை: ஒரு பதிவுக்குப் பத்து டேக் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒவ்வொரு டேகுக்கும் சிஎம்எஸ் தனியாக ஒரு பட்டியல் பக்கத்தை உருவாக்கிக்கொண்டே போகும்.

படி 7: கூகுளிடம் சொல்வது

தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் உங்கள் தளத்தைச் சேர்த்து, உங்களுடையதுதான் என்று உறுதி செய்யுங்கள். பிறகு சைட்மேப், அதாவது தளத்துப் பக்கங்களின் பட்டியல், கொடுக்க வேண்டும். 2020-இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து வேர்ட்பிரஸ் அதைத் தானே உருவாக்குகிறது. யோஸ்ட் மாதிரி எஸ்இஓ (தேடலில் மேலே வர உதவும்) பிளகின் போட்டிருந்தால் அது தன் சைட்மேப்பை வைக்கும், முகவரி பிளகின் பக்கத்திலேயே இருக்கும். அப்புறம் முக்கியமான நான்கைந்து பக்கங்களை மேலே உள்ள பெட்டியில் ஒவ்வொன்றாகப் போட்டு, இன்டெக்ஸ் செய்யக் கேளுங்கள். ஒரே பக்கத்துக்குத் தினமும் கேட்பதால் சீக்கிரம் வராது. சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம்.

பக்கங்கள் உள்ளே வந்ததும் ‘பெர்ஃபார்மன்ஸ்’ அறிக்கையைத் திறங்கள். யார் எந்தச் சொல்லைத் தட்டியபோது நம் பக்கம் கண்ணில் பட்டது என்று அதில் இருக்கும். சித்தப்பா தளத்தில் முதலில் தெரிந்தது ‘ஷெவராய் காபி’, அதுவும் ஆங்கில எழுத்தில். நாங்களோ எல்லா இடத்திலும் அதே மலையை ‘சேர்வராயன் மலை’ என்றே எழுதியிருந்தோம். மேலே சேர்வராயன் கோயில் இருக்கும்போது சித்தப்பா வேறு பெயர் சொல்ல மாட்டார். இரண்டு பெயரும் வருகிற மாதிரி காபிப் பக்கத்தின் முதல் பத்தியைத் திருத்தினேன். அவருக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் போன வாரம் ஓசூரிலிருந்து அரைக் கிலோவுக்கு ஆர்டர் வந்த பிறகு பேச்சை மாற்றிவிட்டார். இப்போது கேட்பது, குரியர்க்காரன் நாகலூர் வரை ஏறி வருவானா, இல்லை தினமும் அவரே கீழே இறங்க வேண்டுமா என்பது.