கொடைக்கானல் உணவகங்களில் மேக் அண்ட் சீஸை ஒப்பிட்டுத் தேர்வது எப்படி?

வேகவைத்த மக்ரோனியை சீஸ் சாஸில் கலந்து தரும் உணவுதான் மேக் அண்ட் சீஸ். கொடைக்கானலில் அந்த ஒரே பெயரில் கடைக்குக் கடை வேறு வேறு உணவு தட்டுக்கு வருகிறது. ஒரு கஃபேயில் மஞ்சள் நிறத்தில் குழைந்து வருவது, அடுத்த தெருவில் வெள்ளை சாஸில் மிதந்து வருகிறது. தங்கும் விடுதியின் சாப்பாட்டுக் கூடத்திலோ மேலே பொன்னிறமாக முறுகி, மண் கிண்ணத்தில் வருகிறது. இவற்றில் எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் சீஸின் அளவை வைத்தே பதில் சொல்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓர் ஊரில் அந்த அளவுகோல் போதாது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே ஒரு தட்டு மேக் அண்ட் சீஸின் தரத்தை முதலில் தீர்மானிப்பவை மக்ரோனி வெந்த பதமும், குளிரில் சாஸ் தாக்குப்பிடிக்கும் விதமுமே. சீஸின் சுவை மூன்றாவதாகத்தான் வருகிறது. ஒப்பிடும் முறையையும் அந்த வரிசையிலேயே அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் வேலை, எந்தத் தட்டை எந்தத் தட்டோடு நிறுத்துவது என்று முடிவு செய்வது. மாவையும் வெண்ணெயையும் வறுத்துப் பால் ஊற்றிய சாஸில் சீஸைக் கரைத்துச் செய்வது ஒரு வகை. பதப்படுத்திய சீஸை நேரடியாகப் பாலிலோ கிரீமிலோ உருக்கிச் செய்வது இன்னொரு வகை. அமெரிக்காவில் கிராஃப்ட் நிறுவனம் 1937இல் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிய மேக் அண்ட் சீஸ் இந்த வழுவழுப்பான சுவையைத்தான் பல தலைமுறைகளுக்குப் பழக்கியது. மூன்றாவது வகை, ஓவனில் வைத்து மேற்புறம் முறுகும்வரை பேக் செய்வது. முதல் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். பேக் செய்ததைத் தனி வரிசையில் வைப்பதே நியாயம், ஏனென்றால் முறுகலின் மணம் மற்றக் குறைகளை எளிதில் மறைத்துவிடும். வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய் தாளித்து நம் வீடுகளில் செய்யும் மசாலா மக்ரோனியின் மீது சீஸ் துருவிப் போட்டு இதே பெயரில் தரும் கடைகளும் உண்டு. அது விரும்பிச் சாப்பிட வேண்டிய உணவுதான். ஆனால் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை.

கடைகளுக்குப் போவதற்கு முன் வீட்டில் ஒருமுறை சமைத்துப் பார்ப்பது பெரிய உதவி. நாக்குக்கு ஓர் அளவு தெரிந்திருந்தால்தான் மற்றவற்றை அதனோடு வைத்துப் பார்க்க முடியும். 200 கிராம் மக்ரோனிக்கு 30 கிராம் வெண்ணெய், 30 கிராம் மைதா, அரை லிட்டர் பால், 150 கிராம் செடார் சீஸ் என்ற அளவு போதுமானது. வெண்ணெயில் மைதாவைச் சிறு தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுத்து, நிறம் மாறுவதற்குள் பாலைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கட்டியில்லாமல் கிளற வேண்டும். சாஸ் கெட்டிப்பட்டதும் அடுப்பை அணைத்து, கொதி அடங்கிய பிறகே துருவிய சீஸைச் சேர்க்க வேண்டும். சீஸைக் கட்டியாக வாங்கி நாமே துருவுவது நல்லது. துருவி அடைத்து விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொருள் தூவப்பட்டிருப்பதால் சாஸ் சற்றுக் கரகரப்பாகிவிடும். கொடைக்கானலில் தயாராகும் கொடை சீஸின் செடாரே இதற்குப் பொருத்தமாக இருக்கும். நீலகிரியில் இருப்பவர்கள் குன்னூரில் ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணை செய்யும் சீஸைக் கொண்டு முயன்று பார்க்கலாம்.

இனி மக்ரோனி. சமவெளியில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கிவிடுகிறது. கொடைக்கானலில் அது ஏறத்தாழ 93 டிகிரி. ஊட்டியில் அதைவிடச் சற்றுக் குறைவு. குன்னூரில் சற்று அதிகம். தண்ணீர் தளதளவென்று கொதித்தாலும் அதன் சூடு 93 டிகிரியைத் தாண்டாது என்பதால், பாக்கெட்டில் எட்டு நிமிடம் என்று அச்சிட்டிருக்கும் மக்ரோனிக்கு இங்கே இரண்டு மூன்று நிமிடம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. மலையில் பழகிய சமையற்காரர் கடிகாரத்தைப் பார்க்காமல் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தே வடிக்கிறார். அவசரப்படும் சமையலறையில் இரண்டு விதமாகத் தவறு நேர்கிறது. ஒன்று, நடுவில் மாவு வேகாமலேயே வடித்துவிடுவது. மற்றொன்று, பிரஷர் குக்கரில் போட்டு வெளிப்பக்கம் குழைந்து ஓரம் பிளந்துபோக விடுவது.

இதைத் தட்டிலேயே சோதித்து அறியலாம். சாஸ் அதிகம் ஒட்டாத ஒரு மக்ரோனியை முள்கரண்டியால் எடுத்துக் குறுக்கே பாதியாகக் கடித்து, வெட்டுவாயைப் பாருங்கள். சுவரின் நடுவே சுண்ணாம்புக் கோடு போல வெண்மை தெரிந்தால் வேகவில்லை என்று பொருள். வெட்டுவாய் முழுதும் ஒரே நிறமாக இருந்து, பல்லுக்குச் சிறிது எதிர்ப்புக் கொடுத்துப் பிறகு விட்டுக்கொடுத்தால் அதுவே சரியான பதம். நாக்கால் மேலண்ணத்தில் அழுத்தினாலே நசுங்கினால், ஒன்று அதிகம் வெந்திருக்கிறது, அல்லது மக்ரோனியே மெல்லிய ரகம். துரும் என்னும் கடினக் கோதுமையின் ரவையில் செய்த மக்ரோனி சாஸில் கிடந்தாலும் உறுதியை இழக்காது. சாதாரண ரவையிலும் மைதாவிலும் செய்த மலிவான ரகம் சில நிமிடங்களிலேயே ஊறிப் பெருத்துவிடும். குழலுக்குள்ளும் சாஸ் புகுந்திருக்கிறதா என்று பார்க்கவும் இதே கடி போதும். உள்ளே காலியாக இருந்தால், முன்பே வேகவைத்து ஒட்டாமலிருக்க எண்ணெய் தடவி வைத்த மக்ரோனியின் மேல் சாஸை ஊற்றித் தந்திருக்க வாய்ப்பு அதிகம். சாஸும் மக்ரோனியும் ஒரே வாணலியில் சில நொடிகளாவது சேர்ந்து கிளறப்பட்ட தட்டுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

சாஸை மதிப்பிடப் பொறுமை வேண்டும். தட்டு மேசைக்கு வந்த நொடியில் எந்த சாஸும் அழகாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் கழித்து அது எப்படி இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. சமவெளியில் இந்தச் சோதனைக்கு அவ்வளவு கூர்மை இல்லை. மார்கழி, தை மாதங்களில் மாலைக்குப் பிறகு கொடைக்கானல் குளிரில் தட்டு வேகமாக ஆறுவதால், இங்கே அது நன்றாக வேலை செய்கிறது. தட்டு வந்ததும் பாதியைச் சாப்பிட்டுவிட்டு, மீதியைக் கிளறாமல் ஓரமாக விட்டு வையுங்கள். விளிம்பில் மஞ்சள் எண்ணெய் பிரிந்து நின்றால், சீஸைக் கொதிக்கும் சாஸில் போட்டிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். மிகுந்த சூட்டில் சீஸின் புரதம் இறுகித் தான் பிடித்து வைத்திருந்த கொழுப்பை வெளியேற்றிவிடுகிறது. அடியில் தண்ணீர் கசிந்து, மேலே பளபளப்பாக ஜெல்லி போல நின்றால் கார்ன்ஃபிளவர் கொண்டு கெட்டியாக்கியிருக்கலாம். தட்டு முழுவதும் ஒரே பாளமாக இறுகி, கரண்டியால் தூக்கினால் மொத்தமாக எழுந்தால் மாவு அதிகம். நல்ல சாஸும் ஆறினால் கெட்டிப்படும், ஆனால் ஒரு தேக்கரண்டி வெந்நீர் விட்டுக் கிளறியதும் மீண்டும் இளகிவிடும். பச்சை மைதாவின் சுவை சூட்டில் மறைந்திருந்து ஆறிய பிறகே நாக்கின் பின்பக்கத்தில் தெரியும் என்பதால், கடைசிக் கவளத்தையும் கவனமாகச் சாப்பிட வேண்டும். வெதுவெதுப்பான தட்டில் பரிமாறும் கடை இருந்தால் அதைத் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். மலை ஊரில் அது உணவின் மீதான உண்மையான அக்கறை.

சீஸைப் பொறுத்தவரை, நூல் நூலாக இழுபடுவதைச் சிறப்பாகக் கருதும் பழக்கம் பீட்சாவிலிருந்து வந்தது. இழுபடும் தன்மை மொசரெல்லாவுக்கு உரியது. மேக் அண்ட் சீஸுக்கு வேண்டியது மக்ரோனியைப் போர்த்திக்கொள்ளும் வழவழப்பும், செடாருக்கே உரிய லேசான புளிப்பும் காரமும். பதப்படுத்திய சீஸில் சோடியம் சிட்ரேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் சேர்க்கப்படுவதால் அது எண்ணெய் பிரியாமல் சீராக உருகும், சுவையோ பெரும்பாலும் உப்பாக மட்டுமே நிற்கும். பதப்படுத்திய சீஸைப் பயன்படுத்தும் கடையைத் தாழ்த்த வேண்டிய அவசியமில்லை. அதோடு நன்றாக முதிர்ந்த செடாரைச் சிறிது கலக்கும் கடை பல நேரங்களில் முந்திவிடுகிறது. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த சீஸ் போன்ற பொருளுக்குப் பால் மணம் இருக்காது, மேலண்ணத்தில் மெழுகு பூசியது போன்ற படலம் தங்கிவிடும். அப்படிப்பட்ட தட்டை வரிசையின் கடைசியில் வைக்கத் தயங்க வேண்டாம். பூண்டு, மிளகு, கடுகுத் தூள் ஆகியவை சீஸைத் தூக்கிக் காட்டும் அளவுக்கு மட்டுமே இருக்க வேண்டும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு வாசனை அதிகம். அதைத் தாராளமாகப் போட்டால் சீஸ் காணாமல் போய்விடும்.

எப்போது போகிறோம் என்பதும் முடிவை மாற்றும். ஏப்ரல், மே சீசனிலும், தொடர் விடுமுறை நாட்களிலும் எந்தச் சமையலறையும் காலையிலேயே மக்ரோனியை வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளும். அந்த நாட்களில் ஒரு கடையையும், கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் இன்னொரு கடையையும் பார்த்து ஒப்பிடுவது நியாயமாகாது. வார நாளில், மதியக் கூட்டம் தொடங்குவதற்கு முன், எல்லாக் கடைக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு கடைக்கு மேல் வேண்டாம். மூன்றாவது தட்டை வயிறு மதிப்பிடுமே தவிர நாக்கு மதிப்பிடாது. எல்லா இடத்திலும் கூடுதல் காய்கறி, காளான், கோழி எதுவும் இல்லாத சாதாரண மேக் அண்ட் சீஸையே கேளுங்கள். பரிமாறுபவரிடம், "அண்ணா, மக்ரோனி ஆர்டர் கொடுத்த பிறகு வேக வைப்பீங்களா, முன்னாடியே வேக வெச்சிருப்பீங்களா? என்ன சீஸ் போடுறீங்க?" என்று பணிவாகக் கேட்டால் பெரும்பாலும் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார்கள், சில இடங்களில் சமையற்காரரே வெளியே வந்து விளக்குவார். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சாஸில் கோழி ஸ்டாக் (கோழியை வேகவைத்து எடுத்த சாறு) சேர்க்கிறார்களா என்பதையும் இதே மூச்சில் கேட்டுக்கொள்ளலாம். வரும் வழியில் கொடைக்கானல் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டு வராதீர்கள். தட்டு வருமுன் கார்லிக் பிரெட்டும் வேண்டாம். இரண்டு தட்டுக்கும் நடுவே வெந்நீர் குடிப்பது போதும், அது வாயில் படிந்த கொழுப்பையும் கரைத்துவிடும்.

இரண்டு மூன்று பேராகப் போய் ஒரே தட்டைப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறையும், தீர்ப்பும் செம்மைப்படும். ஆனால் ஒவ்வொருவரும் தாம் நினைத்ததைக் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது, ஏனென்றால் முதலில் பேசுபவரின் கருத்து மற்றவர்களின் நாக்கையும் பிடித்துக்கொள்ளும். இருபது மதிப்பெண் வைத்து, மக்ரோனியின் பதத்துக்கு ஆறு, வந்த நேரத்திலும் ஆறிய பிறகும் சாஸின் தன்மைக்கு ஏழு, சீஸின் சுவைக்கு நான்கு, சூட்டோடு பரிமாறியதற்கு இரண்டு, விலைக்கு ஒன்று என்று நான் பிரிப்பேன். குழந்தைகளுக்காகத் தேடுபவர்கள் சீஸின் சுவைக்கான மதிப்பெண்ணைக் குறைத்துச் சாஸின் மென்மைக்குக் கூட்டிக்கொள்ளலாம். முதிர்ந்த செடாரின் காரம் பல குழந்தைகளுக்குப் பிடிப்பதில்லை. விலையை மெனு கார்டில் பார்க்காமல் பில்லின் கடைசி வரியில் பார்த்து, தட்டு எத்தனை பேருக்குப் போதுமானது என்பதால் வகுத்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணத்தைக் கேட்காமலே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம்.

முதல் சுற்றில் முன்னணிக்கு வந்த இரண்டு கடைகளுக்கும் வேறொரு நாளில் மீண்டும் போக வேண்டும், இம்முறை வேண்டுமென்றே கூட்டமான நேரத்தில். நிதானமான மதியத்தில் ஒரு தட்டைச் சிறப்பாகச் செய்வது பல சமையலறைகளுக்கு எளிது. மேசைகள் நிறைந்திருக்கும்போதும் அதே பதத்தைக் காப்பாற்றுபவரே தேர்ந்தவர். அப்போதும் இரண்டும் சமமாக நின்றால் இரு கடைகளிலும் பேக் செய்ததைக் கேட்டுப் பாருங்கள். மேலே ரொட்டித்தூள் சீராக முறுகி, கரண்டி இறங்கும்போது உள்ளே சாஸ் இளகியிருக்கிறதா, அல்லது ஓவனில் வறண்டு மக்ரோனி உறிஞ்சிக்கொண்டுவிட்டதா என்று கவனித்து, இளகியிருக்கும் கடைக்கு முதலிடத்தைக் கொடுங்கள்.