கனடாவில் கஞ்சாக் கடை போட நினைக்கிறீர்களா?

ஸ்காபரோவில் எந்த பிளாசாவுக்குப் போனாலும் சாப்பாட்டுக்கடை, நகைக்கடையோடு ஒரு கஞ்சாக் கடையும் கண்ணில் படும். "சட்டமே விட்டிருக்கு, நாங்களும் ஒண்டு போடலாம்தானே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார். போடலாம். ஆனால் பலரும் மனதில் வைத்திருக்கும் 'மருத்துவக் கஞ்சாக் கடை' என்று ஒன்று கனடாச் சட்டத்தில் இல்லை.

மருத்துவத் தேவைக்கான கஞ்சா இங்கே 2001 முதல் இருக்கிறது. நோயாளி மருத்துவரிடம் பத்திரம் வாங்கி, மத்திய அரசின் சுகாதாரத் துறையான ஹெல்த் கனடாவின் உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் பதிந்துகொள்ள, சாமான் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். மருந்தகங்கள்கூட அதைக் கடையில் வைத்துக் கொடுக்க முடியாது. 2018 அக்டோபர் 17 அன்று புதிய சட்டம் வந்த பிறகு, ஸ்காபரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணத்தில் திறக்கப்பட்டவை எல்லாம் 19 வயது நிரம்பிய எவரும் மருத்துவப் பத்திரம் இல்லாமல் வாங்கும் பொதுக் கடைகள்தான்.

அப்படியிருந்தும் 'மெடிக்கல்' என்று பலகை மாட்டி, உரிமமே இல்லாமல் வியாபாரம் நடத்துபவர்கள் உண்டு. அதில் பங்கு சேரச் சொல்லியோ, கல்லாவில் நிற்கச் சொல்லியோ யாராவது கூப்பிட்டால் மறுபேச்சில்லாமல் விலகுங்கள். உரிமம் இல்லாமல் விற்பதற்கு அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டுகள். பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்தில் தீர்ப்பு வந்தால், நீங்கள் சிறைக்கே போகாவிட்டாலும் குடிவரவுச் சட்டம் அதைப் பாரிய குற்றமாகவே எடுக்கும். நிரந்தர வதிவிடம் பறிபோய் நாடுகடத்தல் வரை கொண்டுபோய் விடக்கூடிய விஷயம் இது. குடியுரிமை வைத்திருக்கும் பங்காளிக்கு அந்தப் பயம் இல்லை. அவர் "ஒண்டும் நடக்காது" என்று சொல்வது அவருடைய நிலையிலிருந்து.

உரிமத்தோடு திறப்பதென்றால் ஏஜிசிஓ என்ற மாகாண ஆணையத்திடம் போக வேண்டும். நடத்துநர் உரிமம், கடைக்கான அனுமதி, முகாமையாளர் உரிமம் என்று மூன்று உண்டு. முதல் இரண்டுக்கும் தொடக்கக் கட்டணம் முறையே 6,000, 4,000 டொலர், மூன்றாவதற்கு 750. இந்தக் காசைப் பார்த்து யாரும் பின்வாங்குவதில்லை. சிக்கல் முதலீட்டில்தான். யார் யார் பணம் போட்டிருக்கிறார்கள், எங்கிருந்து வந்தது என்று ஆணையம் துருவும். சீட்டு எடுத்த காசு, மச்சான் கைமாற்றாகத் தந்தது, ஊரில் காணி விற்று உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள்வழியாகப் பணம் மாற்றும் முறை) வந்தது எல்லாம் நம் ஆட்களுக்கு வழமை. ஆனால் காகிதம் இல்லாத பணத்தை இங்கே விளக்க முடியாது. ஒருவர் பேரில் உரிமம், பின்னால் இன்னொருவர் காசு என்ற ஏற்பாடும் வேண்டாம். வரி பாக்கி இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது இடம். மார்க்கம் நகரசபை தன் எல்லைக்குள் கடையே வேண்டாம் என்று முடிவெடுத்தது. மிசிசாகாவும் அப்படிச் சொல்லிவிட்டு 2023 இல் மனம் மாறியது. அதனால் நகரசபையின் இப்போதைய நிலைப்பாட்டை நேரிலேயே கேட்டுவிடுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டருக்குள் கடை போட முடியாது. தனியார் பள்ளியும் இதில் அடங்கும். கடை அனுமதிக்கு விண்ணப்பிக்க முகவரி வேண்டும், முகவரிக்கு லீஸ் வேண்டும். வாசலில் 15 நாள் அறிவித்தல் ஒட்டி, ஆட்சேபணை கேட்டு, பரிசோதனை முடியும் வரை வியாபாரமே இல்லாமல் வாடகை ஓடும். ஆகவே நடத்துநர் உரிமத்தை முதலில் எடுத்துவிட்டு இடம் தேடுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்ற நிபந்தனையை லீஸில் எழுத வையுங்கள். கட்டட உரிமையாளர் உங்களிடம் தனிப்பட்ட உத்தரவாதம் கேட்டால், வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். கடை மூடினாலும் அந்தக் கடன் வீடு தேடி வரும்.

திறந்த பிறகும் இலாபம் லேசில் வராது. ஒன்ராறியோவில் கடைகளுக்கு ஒரே மொத்த விற்பனையாளர், மாகாண அரசின் நிறுவனமான ஓசிஎஸ். அதே ஓசிஎஸ் இணையத்தில் நேரடியாகவும் விற்கிறது. சரக்குத் தருபவரே போட்டியாளர்! ஒரே தெருவில் நாலு கடை என்றால் விலை குறைப்பதைத் தவிர வழியில்லை. பல கிளைகளோடு இருந்த ஃபயர் அண்ட் ஃபிளவர் என்ற கஞ்சாக் கடை நிறுவனம் 2023 இல் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பெரிய வங்கிகள் பல இந்தத் தொழிலுக்குக் கணக்குத் திறக்கவே தயங்கும். கடன் சங்கங்களை விசாரித்துப் பாருங்கள்.

கவுண்டரில் நிற்பவர்கள் கான்செல் என்ற கஞ்சா விற்பனைப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். "தம்பி, முழங்கால் நோவுக்கு எது நல்லம்?" என்று ஒரு அம்மா கேட்டால், "அதை டொக்டரிட்டத்தான் கேக்க வேணும் அம்மா" என்பதுதான் சரியான பதில். நோய் தீரும் என்று சொல்லி விற்பது குற்றம்.

எல்லை விஷயமும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் மத்திய சட்டப்படி கஞ்சா இன்னும் தடைசெய்யப்பட்ட பொருள். கனடாக் குடியுரிமை உள்ளவர் இந்தத் தொழிலில் இருந்தாலும், தொழிலோடு தொடர்பில்லாத பயணமென்றால் பொதுவாக உள்ளே விடுவோம் என்று அமெரிக்கச் சுங்க, எல்லைப் பாதுகாப்புத் துறை 2018 இல் அறிவித்தது. இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டோடு இருப்பவர்களுக்கு விசா வேண்டும், அந்தப் படிவத்தில் தொழிலையும் எழுத வேண்டும். நியூ ஜேர்சியில் அக்கா குடும்பம் இருக்கிறது, வருடா வருடம் போய்வர வேண்டும் என்பவர்கள் காசு போடுமுன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.