இமயமலை எல்லைகளைப் படத்தில் குறிக்கும்போது செய்யக் கூடாதவை

ஹட்டன் பக்கத்தில் இருபது வருடங்களுக்கு மேலாகப் புவியியல் படிப்பிக்கிறேன். சென்ற மாதம் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், உயர்தர வகுப்புக்குத் தயாரித்த காஷ்மீர்ப் படத்தை ஒருமுறை பார்த்துத் தரச் சொன்னார். கோடுகள் சுத்தமாக இருந்தன, நிறமும் நன்றாக இருந்தது. ஆனால் வடக்கு மூலையில், ஆரம்ப காலத்தில் நான் போட்ட அதே பிழையான கோடு. எனக்குச் சுருக்கென்றது.

திசைக்குறி விடுபடுவது, அளவுத்திட்டம் மறப்பது எல்லாம் பிள்ளைகள் தாங்களே திருத்திக்கொள்ளும் விசயங்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மலை என்றால் முகடுதான் எல்லை என்று நினைப்பது

நம் பிள்ளைகளுக்கு இது இயல்பாக வரும். கொத்மலை ஓயா மகாவலிக்குப் போகிறது, மஸ்கெலியா ஓயா களனிக்குப் போகிறது. நடுவில் நிற்கும் மலை தண்ணீரைப் பிரித்துவிடுகிறது. எல்லையையும் அந்த முகட்டிலேயே போட்டால் சரிதானே?

1914இல் இந்தியாவுக்கும் திபெத்துக்கும் நடுவே மக்மோகன் கோட்டை வரைந்தவர்களும் பெரும்பாலும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அவர்கள் தடித்த பேனாவால் இழுத்த கோடு, பூட்டானுக்கு அருகே நிலத்தில் இருக்கும் முகட்டோடு பொருந்தவில்லை. தக்லா முகடு படத்துக் கோட்டுக்கு வடக்கே நின்றது. முகடுதான் எல்லை என்றது இந்தியா. சீனா மக்மோகன் கோட்டையே ஏற்கவில்லை. அந்தக் கோட்டின்படி பார்த்தாலும் தக்லா தன் பக்கம்தான் என்றது. 1962 ஒக்டோபர் 20 அன்று போர் வெடித்த இடங்களில் ஒன்று, அந்த முகட்டின் அடியில் ஓடும் நம்கா சூ ஆறு.

லடாக்குக்குக் கிழக்கே சீனாவின் கையில் இருக்கும், இந்தியா தனதென்று சொல்லும் அக்சாய் சின்னுக்கும் கூம்பு கூம்பாக மலை வரைந்து வைக்கிறார்கள். அது ஏறக்குறைய 5,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் வறண்ட உப்புவெளி. பிதுருதலாகல மலை 2,524 மீட்டர். அதன் தலையில் இன்னொரு பிதுருதலாகலையைத் தூக்கி வைத்தால் வரும் உயரத்தில் ஒரு வெட்டவெளி என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும்.

ராட்கிளிஃப் கோட்டைக் காஷ்மீருக்குள் நீட்டுவது

வேண்டாம். 1947 இந்திய, பாகிஸ்தான் பிரிவினையில் அது பிரித்தது பஞ்சாபையும் வங்காளத்தையும்.

என்ஜே 9842க்கு மேலே கோடு இழுப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

1949 ஜூலையில் கராச்சியில் இந்திய, பாகிஸ்தான் இராணுவ அதிகாரிகள் கூடிப் போர்நிறுத்தக் கோட்டைக் குறித்தார்கள். அது என்ஜே 9842 என்ற புள்ளியில் முடிந்தது. அதற்கு மேலே, ‘அங்கிருந்து வடக்கே பனியாறுகளை நோக்கி’ என்று வார்த்தையில் மட்டும் எழுதிவிட்டார்கள். அந்தப் பனிக்குள் எவன் போய்ச் சண்டை பிடிக்கப்போகிறான் என்று விட்டதுதான். 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு வரையப்பட்ட எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடும் அங்கேயே நின்றது. ஏறக்குறைய 76 கிலோமீட்டர் நீளமான சியாச்சின் பனியாறு அந்தப் புள்ளிக்கு அப்பால் கிடக்கிறது.

1960களின் பிற்பகுதியில் சில அமெரிக்கப் படங்கள் அந்தப் புள்ளியிலிருந்து கிழக்கே இருக்கும் காரகோரம் கணவாய்க்கு நேராகக் கோடு போட்டன. யாரும் கையெழுத்திடாத கோடு. சியாச்சின் முழுவதும் பாகிஸ்தான் பக்கம் போய்விட்டது. உலக அட்லஸ்களும் அதைப் பார்த்தே வரைந்தன. பாகிஸ்தானின் அனுமதியோடு மலையேறிகள் அங்கே போகத் தொடங்கினார்கள். 1978இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் இந்தியப் படையினரும் ஏறினார்கள். 1984 ஏப்ரல் 13 அன்று இந்திய இராணுவம் சியாச்சினுக்கு மேற்கே உள்ள சால்ட்டோரோ முகட்டுக் கணவாய்களைப் பிடிக்கத் தொடங்கியது. போருக்கு அந்தக் கோடு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு உண்டு. 2003 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தன, படைகள் இறங்கவில்லை. குண்டு பட்டுச் செத்தவர்களைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் செத்தவர்களே அதிகம். 2012 ஏப்ரலில் பாகிஸ்தானின் கயாரி முகாமில் மட்டும் 140 பேர் பனிக்கடியில் போனார்கள்.

நானும் ஒரு பழைய அட்லஸைப் பார்த்து, அந்தக் கோட்டைத் துணிப்படத்தில் சிவப்புப் பெயின்டால் போட்டேன். ஆறு வருடம் வகுப்புச் சுவரில் தொங்கியது. ஒருநாள் ஒரு பிள்ளை எழுந்து, “சேர், ஒப்பந்தத்துல வடக்கேன்னுதான இருக்கு. நீங்க கிழக்குப் பக்கமா இழுத்திருக்கீங்களே?” என்று கேட்டாள். அவள் வீட்டுத் துண்டுக் காணிக்கு இருந்த கடதாசியில் ‘அங்கிருந்து கான் வழியே மேலே’ என்று எழுதியிருந்ததாம். மேலே அந்தத் தண்ணீர்க் கான் இரண்டாகப் பிரிகிறது. அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் அதை வைத்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ஒரு வார்த்தை எங்கே போய் முட்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அன்று மாலையே வெள்ளைப் பெயின்ட் பூசினேன். வெயில் பட்டால் அடியிலிருக்கும் சிவப்பு இன்னும் தெரிகிறது. அந்த ஆறு வருடத்தில் படித்துப் போனவர்களின் கொப்பிகளில் அது அப்படியேதான் இருக்கும்.

இரண்டு கோடுகளையும் ஒரே மாதிரி வரைவது

பாகிஸ்தானோடு உள்ள கோட்டுக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்ட படம் உண்டு. சீனாவோடு உள்ள அசல் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்படி ஒரு படம் கிடையாது. அதன் நீளம் 3,488 கிலோமீட்டர் என்கிறது இந்தியா. சீனாவின் கணக்கு சுமார் 2,000. நீளமே ஒத்துவராத கோட்டை எப்படி ஒரே இழுப்பாக இழுப்பது? 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் துப்பாக்கியே வெடிக்காமல் 20 இந்திய வீரர்கள் இறந்தது இந்தக் கோட்டருகேதான். முறிகோடு போடுங்கள்.

ஷக்ஸ்கம் பள்ளத்தாக்கை விட்டுவிடுவது

இந்தப் பள்ளத்தாக்கைச் சீனாவின் பக்கம் விட்டது 1963 பாகிஸ்தான்-சீன ஒப்பந்தம், இந்தியா ஏற்காதது. தனி நிறம் கொடுங்கள்.

குறிவிளக்கத்தில் ஆண்டு போடாமல் விடுவது

புதிய ஆசிரியரும் நானும் அவருடைய படத்தை மேசையில் விரித்து, என்ஜே 9842இல் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துக் கோட்டை நிறுத்தினோம். அதற்கு மேலே சால்ட்டோரோ முகட்டில் சின்னப் புள்ளிகள். அப்புறம் குறிவிளக்கத்தில் அவர் தன் கையாலேயே எழுதினார்: ‘1984 முதல் படைகள் நிற்கும் இடம். ஒப்பந்த எல்லை இல்லை.’