க்ராஸ் ட்ரெய்னர்ல கால் மரத்துப் போகுதா? இந்தத் தப்பெல்லாம் பண்றீங்களான்னு பாருங்க

ஜிம்ல க்ராஸ் ட்ரெய்னர்ல (நின்னுக்கிட்டே பெடல மிதிச்சு, கைப்பிடிய ஆட்டுற மெஷின்) ஏறி பதினஞ்சு இருபது நிமிஷம் ஆனதும் முன்பாதம் மதமதன்னு ஆகி அப்புறம் விரல் இருக்கா இல்லையான்னே தெரியாம போறது நெறைய பேருக்கு நடக்குது. நம்ம கடலூர், பாண்டி பக்கம் யார்கிட்ட சொன்னாலும் "ரத்த ஓட்டம் கம்மியா இருக்கும், பேரீச்சம்பழம் சாப்புடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பெரும்பாலும் காரணம் அது இல்லங்க. நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் கால் தரைய விட்டு எழும்புது, பாதத்துக்கு ஒரு நொடியாவது ஓய்வு கெடைக்குது. க்ராஸ் ட்ரெய்னர்ல பாதம் பெடல விட்டு எழும்புறதே இல்ல, அரை மணி நேரமும் ஒரே எடத்துல அழுத்தம், விரலுக்குப் போற நரம்பு முன்பாதத்துல மாட்டி நசுங்குது, அதான் மரத்துப் போகுது.

மொத தப்பு லேஸ். காலைல வீட்லயே இழுத்து இறுக்கிக் கட்டிட்டு வந்துடுறாங்க. நம்ம ஊரு கடக்கரைப் புழுக்கத்துல, அதுவும் ஏசி இல்லாத ஜிம்னா, கொஞ்ச நேரத்துலயே பாதம் வீங்கும், அதே லேஸ் இப்ப இன்னும் இறுகும். பாதத்து மேல்பக்கம் தோலுக்கு ரொம்ப கிட்டத்துலயே ஒரு நரம்பு ஓடுது, அது போய் முடியற எடம் பெருவிரலுக்கும் ரெண்டாவது விரலுக்கும் நடுவுல. அந்த எடத்துல மட்டும் மரத்துப் போச்சுன்னா முதல்ல லேஸ் மேலதான் சந்தேகப்படணும். பாதத்துல மேடா இருக்குற எடத்துல லேஸ குறுக்க போடாம, ரெண்டு பக்கமும் நேரா மேல் ஓட்டைக்கு ஏத்தி அதுக்கப்புறம் குறுக்க போடுங்க. ஷூ கழலாது, மேட்டுல அழுத்தமும் இருக்காது.

மூணாவது நாலாவது விரல் பக்கம் மரத்தா, இல்ல உள்ள கூழாங்கல் கெடக்குற மாதிரி இருந்தா ஷூ முன்பக்கம் குறுகலா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல காலைல போய் "எனக்கு எப்பவும் எட்டுதான்"னு போட்டுக்கூடப் பாக்காம வாங்கிட்டு வர்றவங்க இருக்காங்க, ஒவ்வொரு கம்பெனிக்கும் எட்டு வேற வேறயா இருக்கும். சாயங்காலம் போங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி நெஜ அளவுல இருக்கும், ஜிம்முக்குப் போடுற அதே சாக்ஸ போட்டுட்டுப் போங்க. நீளமான விரலுக்கு முன்னாடி ஒரு கை கட்டைவிரல் அகலம் எடம் இருக்கணும். உள்ள இருக்குற சோல வெளிய எடுத்து தரைல போட்டு அது மேல நின்னு பாருங்க, சுண்டுவிரல் ஓரத்த தாண்டி வெளிய நீட்டிட்டு இருந்தா அந்த ஷூ வேணாம், எவ்ளோ ஆஃபர் போட்டாலும் வேணாம்.

அடுத்தது நிக்குற விதம். ரெசிஸ்டன்ஸ (மிதிக்கிறதுக்கு மெஷின் குடுக்குற எதிர்ப்ப) ஏத்திட்டு கைப்பிடில சாஞ்சு முன்விரல்லயே மிதிக்கிறது. எடை முழுக்க முன்னாடி போயிடும். நிமிந்து நின்னு, குதிகால் பெடல்ல படியற மாதிரி, பாதம் முழுசா மிதிங்க. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ ஒரு நிமிஷம் பின்பக்கமா ஓட்டுங்க, விரல ஷூக்குள்ளயே மடக்கி விரிச்சு விடுங்க. ஜிம் சைக்கிள்ல ஓட்டுறதா இருந்தா பெடல் ஸ்ட்ராப்ப இறுக்கிப் போடாதீங்க, சீட்டு ரொம்ப உயரமா இருந்தா விரல் நுனியாலதான் எட்டி மிதிக்க வேண்டியிருக்கும், அதையும் எறக்குங்க.

மரத்துப் போனதுக்கு அப்புறமும் "டார்கெட் முடிச்சிட்டுதான் எறங்குவேன்"னு ஓட்டுறது எனக்கு உண்மையிலயே பயமா இருக்குற விஷயம். உணர்ச்சி இல்லாத காலோட அவசரமா எறங்கினா கணுக்கால் மடங்கிடும். நிறுத்துங்க, லேஸ தளத்துங்க, நாலு நடை நடங்க, பெரும்பாலும் சில நிமிஷத்துல சரியாயிடும்.

சரியாகலன்னா, மெஷின்ல இல்லாதப்பவும் ராத்திரி படுத்தா எரியுது குத்துதுன்னா, ரெண்டு காலும் சேந்து மரக்குதுன்னா அது வெறும் ஷூ பிரச்சனயா இல்லாமலும் இருக்கலாம். சுகர் பாருங்க, வைட்டமின் பி12 பாருங்க. வருஷக்கணக்கா மெட்ஃபார்மின்ங்கற சுகர் மாத்திர போடுறவங்களுக்கும் கறி மீன் முட்ட தொடாதவங்களுக்கும் பி12 கொறைய வாய்ப்பு இருக்கு. சுகர் இருக்குறவங்க வருஷத்துக்கு ஒரு தடவயாவது பாதத்த டாக்டர்கிட்ட காட்டணும், 10 கிராம் அழுத்தத்துல வளையற ஒரு நைலான் இழைய பாதத்துல வச்சி தெரியுதா தெரியுதான்னு கேப்பாங்க, வலியே இல்லாத டெஸ்ட். கடலூர் ஜிஎச்சோ ஜிப்மரோ, எது கிட்டயோ அங்க போங்க. சுகர் இருக்குறவங்க ஜிம் முடிச்சு வந்ததும் சாக்ஸ கழட்டி உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாத்தையும் கண்ணால பாக்கணும், ஏன்னா கொப்புளம் வந்தாலும் வலிக்காது. சில்வர் பீச்ல மத்தியான மணல்ல வெறுங்காலோட நடக்குறதும் அவங்களுக்கு வேணாம், சுட்டது தெரியாமலே புண்ணாயிடும்.

திடீர்னு ஒரு பக்கம் கையும் காலும் சேந்து மரத்து, வாய் கோணி பேச்சு கொளறுச்சுன்னா எந்த யோசனையும் வேணாம், உடனே 108.