செவி நரம்புக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு: முதலில் கண்ணைக் கவனியுங்கள்

செவி நரம்புக் கட்டி புற்றுநோய் அல்ல. ரிப்போர்ட்டில் அக்கூஸ்டிக் நியூரோமா என்றோ வெஸ்டிபுலர் ஷ்வான்னோமா என்றோ இருக்கும். மெதுவாக வளரும் கட்டிதான், ஆனால் அது இருக்கும் இடம் பொல்லாதது. கேட்பதற்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் வேண்டிய 8ஆம் நரம்பும், முகத்தை அசைக்கும் 7ஆம் நரம்பும் ஒரே எலும்புக் குழாய் வழியாகப் போகின்றன. கட்டி பெரிதானால் முகத்துக்குத் தொடுஉணர்வு தரும் 5ஆம் நரம்பையும் அழுத்தும். அதனால்தான் கட்டி முழுவதும் எடுத்தாயிற்று என்று டாக்டர் சொன்ன பிறகும், ஒரு காது கேட்காமல், முகம் ஒரு பக்கம் இழுத்து, நடை தள்ளாடி வீடு திரும்புகிறவர்கள் பலர்.

வீட்டில் எல்லோருடைய கவலையும் கோணிய வாயைப் பற்றியே இருக்கும். வாய் காத்திருக்கும். மூடாத கண் காத்திருக்காது.

இமை மூடினால்தான் கண்ணீர் கருவிழி மேல் பரவும். மூடாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். புண் ஆறினாலும் தழும்பு நின்று பார்வையை மறைக்கும். 5ஆம் நரம்பும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்தப் புண் வலிக்கவே வலிக்காது. ‘கண்ணு வலிக்கலையே, நல்லாத்தானே இருக்கு’ என்ற பேச்சை நம்பி இருந்துவிடக் கூடாது. பஞ்சால் இரண்டு கன்னங்களையும் நெற்றியையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மரத்திருந்தால் கண்ணும் மரத்திருக்கலாம் என்றே வைத்துக்கொண்டு உடனே கண் டாக்டரிடம் சொல்லுங்கள். தினமும் காலையும் மாலையும் வெளிச்சத்தில் கண்ணைப் பாருங்கள். சிவப்பு, புதிதாக மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி, பூளை, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டார் இன்னொன்றும் பார்க்கலாம். அவர் தூங்கியபின், முகத்தில் நேராக வெளிச்சம் படாமல், இமை இடுக்கைக் கவனியுங்கள். வெள்ளை மட்டும் தெரிந்தால் விழி மேலே சுழன்று இமைக்குள் ஒதுங்குகிறது, ஓரளவு பாதுகாப்பு. கறுப்பு தெரிந்தால் கருவிழி இரவு முழுக்கத் திறந்து கிடக்கிறது. எது தெரிந்தாலும் சிகிச்சையை விடக் கூடாது. கறுப்பு தெரிந்தால் மறுநாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பகலில் கண்ணை ஈரப்படுத்தும் சொட்டு மருந்து, உதாரணமாக கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ், 1 முதல் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். போனில் அலாரம் வையுங்கள். இல்லாவிட்டால் மதியத்துக்குள் மறந்துவிடும். இத்தனை முறை போடும்போது பிரிசர்வேட்டிவ் இல்லாத மருந்தாகக் கேட்டு வாங்குங்கள், அந்த ரசாயனமே நாளடைவில் கருவிழியை உறுத்தும். சொட்டு விட்டதும் விரல் நுனியால் மேல் இமையை மெல்ல இறக்கி மூடுங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டும், வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டீராய்டு சொட்டும் வேண்டாம். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் இந்தக் கண்ணில் விடாதீர்கள்.

இரவுக்குக் கண்ணை ஈரப்படுத்தும் களிம்பு. கீழ் இமையை இழுத்து, பள்ளத்தில் 1 செ.மீ. நீளத்துக்குப் பிதுக்க வேண்டும். களிம்பு போட்டால் பார்வை மங்கும். நடையும் தள்ளாடுகிறது, இருட்டும் சேர்ந்தால் விழுவது நிச்சயம். ஆகவே பாத்ரூம் போய்வந்து, கட்டிலில் படுத்த பிறகே போடுங்கள். பிறகு பிளாஸ்திரி. அரை அங்குல மைக்ரோபோர் போதும். இமைத் தோலில் வழிந்த களிம்பைத் துடைத்துவிடுங்கள், பிசுபிசுப்பு இருந்தால் நடுராத்திரியில் கழன்று ஒட்டும் பக்கம் கருவிழியைத் தொடும். இமையை விரலால் முழுதாக மூடி, மூக்குப் பக்கத்திலிருந்து கன்ன எலும்பை நோக்கிச் சாய்வாக ஒட்டுங்கள். கண்ணாடியில் பார்த்து ஒரு இடுக்கும் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சரியாக மூட வரவில்லை என்றால், வரும்வரை, கண்ணைச் சுற்றி ஈரத்தை அடைத்து வைக்கும் கண்மூடியைப் பயன்படுத்தலாம். திறந்த கண் மேல் பஞ்சோ துணியோ வைத்துக் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. கட்டுக்கு உள்ளே இமை திறந்துகொள்ளும், துணி கருவிழியை இரவெல்லாம் அரைக்கும். காலையில் பிளாஸ்திரியை நனைத்து மெல்ல எடுங்கள்.

மின்விசிறிக்கு நேர்க் கீழே படுக்காதீர்கள். பேருந்தில் ஜன்னலோரம் வேண்டாம், வெளியே போகும்போது பக்கங்கள் மூடிய கண்ணாடி போடுங்கள். திருநீறு பூசுபவர்கள் நெற்றியில் குழைத்து இடுங்கள், உதிரும் தூள் மரத்த கண்ணில் விழுந்தால் தெரியாது. தாளிப்பும் மிளகாய் வறுப்பும் அதே மாதிரிதான். இவ்வளவு செய்தும் கண் காய்ந்தால், மேல் இமைக்குள் 1 கிராம் அளவு தங்கமோ பிளாட்டினமோ வைத்து எடையால் மூட வைக்கலாம், ஓரத்தில் இமைகளைச் சேர்த்துத் தைக்கலாம். முகம் தேறினால் இரண்டையும் திரும்ப எடுத்துவிடலாம். பார்க்க நன்றாக இருக்காது என்று தள்ளிப்போடாதீர்கள், பார்வைதான் பெரிது.

முகத்துக்குப் பொறுமை வேண்டும். நரம்பு நாளைக்குச் சுமார் 1 மி.மீ. வேகத்தில்தான் வளரும். அறுபடாத நரம்பென்றாலும் முதல் துடிப்பு தெரிய மாதங்கள் ஆகலாம். அவசரப்பட்டு பலூன் ஊதுவது, சூயிங்கம் மெல்லுவது, கரண்ட் வைப்பது எல்லாம் வேண்டாம். முழு பலத்தோடு முகத்தைச் சுளித்தால் நரம்பிழைகள் தப்பான தசைக்குப் போவதை ஊக்குவிக்கும் என்பது அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட்கள் சொல்வது. அப்படித் தப்பாகப் போனால் பிறகு சாப்பிடும்போது கண் தானாக மூடும். கண்ணாடி முன் மெல்ல, இரு பக்கமும் ஒரே அளவில் அசைக்கப் பழகுங்கள். ஒரு வருடம் ஆகியும் துளி அசைவு இல்லையென்றால் காத்திருக்காமல் நாக்கை அசைக்கும் நரம்பை முக நரம்போடு இணைக்கும் அறுவை பற்றிக் கேளுங்கள், தசை சுருங்கிய பிறகு பலன் குறையும். சாப்பிட்டு முடித்ததும் கன்னத்துக்குள் விரல் விட்டுப் பாருங்கள், சோற்றுப் பருக்கை அங்கே தங்கிப் பல்லைச் சொத்தையாக்கும்.

நடைக்கு எதிரி படுக்கைதான். தலை சுற்றுகிறது என்று படுத்தே இருந்தால் மூளை பழகாது. தலைசுற்றல் மாத்திரையும் முதல் சில நாட்களுக்கு மட்டும், நீண்ட நாள் தொடர்ந்தால் அந்தப் பழக்கத்தையே தாமதமாக்கும். எப்போது நிறுத்துவதென்று டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். (டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மட்டும் திடீரென நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதிய படியே குறைக்க வேண்டும்.) ஒரு அட்டையில் ‘அ’ எழுதிச் சுவரில் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். ஒரு கை நீளத் தூரத்தில் உட்கார்ந்து, எழுத்தை விடாமல் பார்த்தபடி தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து மங்காத வேகமே போதும். 1 நிமிடம், நாளைக்கு 3 முறை. லேசாகச் சுற்றினால் பயிற்சி வேலை செய்கிறது என்று அர்த்தம், வாந்தி வரும் அளவுக்குப் போனால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு நின்றபடி செய்யுங்கள், துணைக்கு ஒருவர் இருக்கட்டும். இரவு பாத்ரூம் வழியில் விளக்கு எரியட்டும்: உட்காதின் ஒரு பக்கம் போனவருக்குக் கண்தான் ஊன்றுகோல்.

குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த தண்ணீர் சொட்டுகிறதா, தொண்டையில் உப்புக் கரிக்கிறதா, காதுக்குப் பின்னால் தையல் ஈரமாகிறதா? சளி என்று விடாதீர்கள், மூளை நீர் கசியலாம். மூக்கைச் சிந்தாமல், அடைக்காமல், தலையைச் சற்று உயர்த்திப் படுத்தபடி ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். காய்ச்சல், கழுத்து விறைப்பு, தலைவலி சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. முதல் வாரங்களில் மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது இதற்காகத்தான், முக்கினால் அழுத்தம் ஏறும்.

காது பெரும்பாலும் திரும்பாது. ஒரு காது மட்டும் இருந்தால் ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று மூளையால் கணிக்க முடியாது. ஹாரன் கேட்டால் ஓடாமல் நின்று, இருபுறமும் கண்ணால் பாருங்கள். வகுப்பிலும் விருந்திலும் கேட்காத காது சுவர்ப் பக்கமாக இருக்கும்படி உட்காருங்கள். வீட்டார் அடுத்த அறையிலிருந்து கூப்பிடாமல் எதிரே வந்து பேசட்டும். கிராஸ் (CROS) வகைக் காதுக் கருவி கேட்காத பக்கத்து ஒலியை நல்ல காதுக்கு அனுப்பும். விலை அதிகம், வாங்கும் முன் சில நாள் போட்டுப் பார்க்கக் கேளுங்கள். ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016 இரு காதுகளிலும் உள்ள குறையைத்தான் செவித்திறன் குறைபாடாகக் கணக்கிடுகிறது. ஆகவே ஒரு காதை மட்டும் காட்டிச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம். நடையும் பார்வையும் பாதிக்கப்பட்டிருந்தால் அவற்றைத் தனித்தனியே மதிப்பிடச் சொல்லுங்கள்.