தியாகக் கதை சொல்லும்போது நாம் வெட்டிவிடும் இடங்கள்

ராமாயணமோ மகாபாரதமோ, பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்களானாலும் சரி, மேடையில் முழங்குகிறவர்களானாலும் சரி, பத்து நிமிட வீடியோ போடுகிறவர்களானாலும் சரி, கடமை, தியாகம் என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே தடத்தில்தான் ஓடுகிறார்கள். அப்பா சொன்னார், ராமன் காட்டுக்குப் போனான். அப்பாவுக்காகப் பீஷ்மர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. நீயும் அப்படி இரு. இதில் நடக்கிற பெரிய தவறு, கதைக்குள்ளேயே எதிர்த்துப் பேசுகிறவர்களை எல்லாம் சத்தமில்லாமல் வெளியே தள்ளிவிடுவதுதான்.

ராமன் விஷயத்தையே பாருங்கள். காட்டுக்குப் போகச் சொன்னது கைகேயி. தசரதன் அந்த நேரத்தில் பேச்சு வராமல் கிடக்கிறான். வால்மீகியில் அவனே பிறகு "என்னைச் சிறைபிடித்துவிட்டு நீ அரசனாகிவிடு" என்கிற அளவுக்குப் போகிறான். கோசலை, அப்பா எப்படியோ அப்படித்தான் அம்மாவும், நான் உனக்கு அனுமதி தரமாட்டேன் என்று மடக்குகிறாள். கம்பனில் லட்சுமணன் போர்க்கோலமே பூண்டுவிடுகிறான். இத்தனை பேர் தடுத்தும், அப்பா கொடுத்த வாக்கு பொய்யாகிவிடக் கூடாது என்று ராமன் தானாக முடிவெடுத்துப் போகிறான். இவ்வளவையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை ஒன்றுதான், அதற்கு ராமாயணம் எதற்கு?

பீஷ்மர் கதையில் தவறு வேறு மாதிரி. சபதம் எடுத்தார், வானத்திலிருந்து பூ விழுந்தது, சுபம் என்று அங்கேயே முடித்துவிடுகிறோம். அப்புறம் நடந்ததைச் சொல்வதே இல்லை. அப்பா மணந்துகொண்ட எந்த சத்யவதியின் பிள்ளைகளுக்காக அரியணையை விட்டுக்கொடுத்தாரோ அந்தப் பிள்ளைகள் இருவரும் வாரிசில்லாமல் செத்துப்போனார்கள். குலம் அழியப்போகிறது, சபதத்தை விடு என்று அதே சத்யவதி கேட்கிறாள், அவர் மறுத்துவிடுகிறார். தம்பிக்காக அவர் கவர்ந்து வந்த அம்பையின் வாழ்க்கை போனது. கடைசியில் சபையில் திரௌபதியை இழுத்து வந்து நிறுத்தியபோது, தன்னையே தோற்றவன் என்னை எப்படிப் பணயம் வைக்க முடியும் என்று அவள் கேட்ட கேள்விக்கு, தர்மம் நுட்பமானது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை என்கிறார் பீஷ்மர். அங்கே வாய் திறந்து அவள் பக்கம் பேசியது விதுரனும், கௌரவர்களில் ஒருவனான விகர்ணனும். பீஷ்மரைக் குறைத்துப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு நல்ல சபதம் தலைமுறை தாண்டி யார் தலையில் விடிந்தது என்பதையும் சேர்த்துத்தான் மகாபாரதம் சொல்கிறது; நாம் பாதியைச் சொல்லி முழுசென்று விற்கிறோம்.

இன்னொன்று, எல்லா நூல்களையும் ஒன்றாகக் கலக்குவது. நம்மில் பலருக்குக் கர்ணன் என்றால் சிவாஜி கணேசனின் முகம்தான். சாகும் தறுவாயில் தான் செய்த புண்ணியத்தை எல்லாம் கண்ணனுக்குத் தாரைவார்க்கும் அந்தக் காட்சி வில்லிபாரதத்தில் உண்டு, வியாச பாரதத்தில் கிடையாது. வியாசரின் கர்ணன் கவச குண்டலத்தைக் கொடுக்கும்போது இந்திரனிடம் பதிலுக்கு ஓர் ஆயுதம் கேட்டு வாங்குகிறான், திரௌபதியின் ஆடையைக் களையச் சொல்லி சபையில் பேசியவனும் அவன்தான். எந்தக் கர்ணனை வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் எந்த நூலின் கர்ணன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். அர்ச்சுனனின் மகன் அரவானும் அப்படித்தான். வியாசரில் அவன் போர்க்களத்தில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். களப்பலி கொடுக்கப்படுவது நம் தமிழ் மரபு. அந்த மரபைத் தாங்கி நிற்கும் கூவாகத்தில், அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் மறுநாள் அதை அறுத்து அழுகிற அழுகை இல்லாமல் திருவிழாவே முடியாது. பலியைக் கொண்டாடிவிட்டு அழுகையை மறைக்கும் வேலை அங்கே நடப்பதில்லை.

கடமை என்றால் எப்போதும் ஒன்றே ஒன்றுதான் என்பது போலச் சொல்வதும் தவறு. இதற்குக் கம்பனின் கும்பகர்ணனைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பி வந்து நிறுத்தினால் அவன் கேட்கிற முதல் கேள்வியே, போர் வந்துவிட்டதா, சானகியின் துயரம் இன்னும் தீரவில்லையா என்பதுதான். அவளை விட்டுவிடு என்று அண்ணனிடம் முகத்துக்கு நேரே சொல்கிறான். அண்ணன் கேட்கவில்லை என்றதும் போருக்குப் போகிறான். களத்தில் விபீடணன் வந்து எங்களோடு வந்துவிடு என்று கூப்பிடும்போது, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலமும் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். அதோடு நிறுத்தினால் வெறும் செஞ்சோற்றுக் கடன் கதை. ஆனால் அவன் தம்பியைத் துரோகி என்று திட்டவில்லை. நீ ராமனோடே இரு, சாகப்போகிற எங்களுக்கு ஈமக்கடன் கழிக்க ஒருவன் வேண்டும் என்று அனுப்பிவைக்கிறான். ஒரே வீட்டில் இரண்டு பேர், இரண்டு கடமை, கம்பன் இரண்டையும் மதிக்கிறான். விபீடணன் நல்லவன், கும்பகர்ணன் கெட்டவன் என்று பெயர் ஒட்டிவிட்டால் இந்தக் காட்சியே போய்விடும்.

லட்சுமணனின் மனைவி ஊர்மிளை பற்றிச் சுருக்கமாக: லட்சுமணன் போனதைத் தியாகம் என்கிறோம், அவளிடம் யாருமே கேட்கவில்லை. தெலுங்குப் பெண்களின் பாட்டில் அவள் பதினான்கு ஆண்டு தூங்கியே கழிக்கிறாள். தானாகக் கொடுத்ததும் பிடுங்கப்பட்டதும் ஒன்றில்லை, இரண்டுக்கும் ஒரே பெயர் வைக்காதீர்கள்.

ஏகலைவனில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வோம். "துரோணர் கட்டைவிரலைக் கேட்டது தப்பில்லையா?" என்று பிள்ளை கேட்டால், குருவை அப்படிச் சொல்லக் கூடாது என்று வாயை அடைக்காதீர்கள். உன்னைவிடச் சிறந்த வில்லாளி இருக்கமாட்டான் என்று அர்ச்சுனனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அதைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்று மகாபாரதமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. அதை அப்படியே சொல்லுங்கள், தப்பா இல்லையா என்று பிள்ளையே பேசட்டும். கீதையில் பதினெட்டு அத்தியாயம் பேசிய கண்ணன்கூடக் கடைசியில் அர்ச்சுனனிடம், நன்றாக யோசித்துவிட்டு உன் விருப்பப்படி செய் என்றுதான் சொல்கிறான்.