மார்க்சிய மனிதநேயத்தைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், மண்டபம் பக்கத்தில் மீனவர் போராட்டங்கள் வழியாக மார்க்சிடம் வந்து சேரும் இளைஞர்கள் உண்டு. கடன், மீன் விலை, கடல் உரிமை என்று தொடங்கிய பேச்சு, 'சரி, விடுதலை என்றால் உண்மையில் என்ன?' என்ற கேள்விக்கு வரும்போது மனிதரின் விடுதலையை மையமாக வைத்து மார்க்சைப் படிக்கும் மார்க்சிய மனிதநேயம் கைகொடுக்கும். ஆனால் அதைப் படிக்கும் விதத்தில் நேரும் சில தவறுகள் அதன் உயிரையே எடுத்துவிடுகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, அந்நியமாதலை மனச்சோர்வாகப் புரிந்துகொள்வது. 1844இல் பாரிஸில் எழுதிய கையெழுத்துப் பிரதிகளில் மார்க்ஸ் பேசுவது உழைப்பு நடக்கும் விதத்தைப் பற்றி. உழைப்பவர் தான் உண்டாக்கிய பொருளிடமிருந்தும், உழைக்கும் செயலிடமிருந்தும், தன் மனிதத்தன்மையிடமிருந்தும், சக மனிதரிடமிருந்தும் பிரிக்கப்படுகிறார் என்கிறார். இந்தப் பிரிவுதான் அந்நியமாதல். மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். காயவைத்து வியாபாரியிடம் போட்டால் அவர் சொல்வதுதான் விலை. அதிலிருந்து எடுக்கும் அகர் என்ற கூழ்ப்பொருள் எந்த மிட்டாய்க்குப் போகிறது, எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு பிடியும் இல்லை. அந்தப் பெண் வீட்டில் சிரித்துப் பேசி மகிழ்ச்சியாகவே இருக்கலாம். அப்போதும் அந்நியமாதல் இருக்கிறது. ஆறுதல் சொல்லி அதைத் தீர்க்க முடியாது. உழைப்பின் உறவுகள் மாற வேண்டும்.

'இளம் மார்க்ஸ் வேறு, மூலதனம் எழுதிய மார்க்ஸ் வேறு' என்பதை முடிந்துபோன விஷயமாக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. 1844 பிரதிகள் முழுமையாக வெளிவந்ததே 1932இல்தான். லெனின் தலைமுறைக்கு அவை கிடைக்கவே இல்லை. 1960களில் பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசர் இரண்டு மார்க்சுக்கும் நடுவே ஒரு முறிவு இருப்பதாக வாதிட்டார். அவரையும் கவனமாகப் படியுங்கள். அப்புறம் 1867இல் வந்த 'மூலதனம்' முதல் அத்தியாயத்தைப் புரட்டுங்கள்: மனிதர்களுக்கு இடையிலான உறவு பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தெரிகிறது என்று அங்கே எழுதியிருப்பது அந்தப் பழைய கவலையைத்தான்.

'மதம் மக்களின் அபின்' என்ற மார்க்சின் வரியை மட்டும் வெட்டி எடுத்துப் பேசாதீர்கள். அதே பத்தியில்தான் ஒடுக்கப்பட்டவரின் பெருமூச்சு, இதயமற்ற உலகின் இதயம் என்றும் மதத்தைச் சொல்கிறார். ராமேஸ்வரம் கோயிலும் ஏர்வாடி தர்காவும் உள்ள கரையில், பாதி மேற்கோளோடு தொடங்கினால் கேட்க ஆள் இருக்காது.

தொழில்களையும் வளங்களையும் அரசு கையகப்படுத்தினால் விடுதலை வந்துவிடும் என்று நம்புவதும் தவறு. எல்லோரையும் கூலியாக்கி, சமூகத்தையே பொது முதலாளியாக நிறுத்தும் முரட்டுக் கம்யூனிசத்தை 1844லேயே மார்க்ஸ் கடுமையாக விமர்சித்தார். மெக்சிகோவில் ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் செயலாளராக இருந்த, பின்னாளில் மார்க்சிய மனிதநேயத்தை வளர்த்த ராயா துனயெவ்ஸ்கயா, சோவியத் ஒன்றியத்தை அரசு முதலாளித்துவம், அதாவது முதலாளியின் இடத்தில் அரசே நிற்கும் அமைப்பு என்றே சொன்னார். நம் கரையிலும் இதே கேள்வி எழுகிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தனியார் முதலாளி யாரும் இல்லை, எல்லாம் அரசுடையது. ஆனாலும் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போன பெண்களை வனத்துறை தடுத்தது. பவளப்பாறைக்குப் பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். அதை யார் முடிவு செய்வது, பிழைப்பை இழப்பவரின் குரலுக்கு அங்கே இடம் உண்டா என்பதே கேள்வி.

இதிலிருந்து கிளைப்பதுதான் கடைசித் தவறு: உழைப்பவரை இரக்கத்துக்குரியவராக மட்டும் பார்ப்பது. போராடுகிறவர்கள் சிந்திக்கிறவர்களும்கூட என்பதைத் துனயெவ்ஸ்கயா விடாமல் வலியுறுத்தினார். கற்பிப்பவரும் கற்க வேண்டும் என்று 1845இலேயே மார்க்ஸ் குறித்து வைத்திருக்கிறார். பாசி மறுபடி வளர வேண்டும் என்று, அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள் என மாதம் 12 நாள் மட்டும் கடலில் இறங்குவது இந்தப் பெண்கள் தாங்களே வகுத்துக்கொண்ட முறை. நீரோட்டமும் பாசியின் வளர்ச்சியும் பிழைப்பும் சேர்ந்த சிந்தனை அது. உங்கள் வாசிப்பு வட்டத்துக்கு அவர்களை அழைத்தால், விழிப்புணர்வு உரையைத் தள்ளிவைத்துவிட்டு, இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள் அக்கா என்று முதலில் கேளுங்கள். 1844 பிரதிகளை அதற்குப் பிறகு திறக்கலாம்.